திரையில் எரிந்த சிலுவை

1895ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 28ஆம் நாள். பாரிஸ் நகரத்தில் ஓர் உணவு விடுதியின் கீழ்த்தளம். ஆளுக்கு ஒரு பிராங்கு கட்டணம் செலுத்தி உள்ளே வந்த சிலர் எதிரே ஒரு வெண்திரை. விளக்கு அணைகிறது. திரையிலே ஒரு தொழிற்சாலையின் வாயில் தெரிகிறது. கதவு திறக்கிறது, வேலை முடித்த பெண்களும் ஆண்களும் வெளியே வருகிறார்கள், போகிறார்கள். அவ்வளவுதான் படம்! ஒரு நிமிடங்கூட ஓடவில்லை. லூமியேர் உடன்பிறந்தார் எடுத்த அந்தத் துண்டுப் படத்தைத் திரைப்படக் கலையின் பிறப்பு என்று உலகம் போற்றுகிறது.

போற்றட்டும். ஆனால் தோழர்களே, அந்தத் தொழிற்சாலை யாருடையது என்று எண்ணிப் பார்த்ததுண்டா? படம் பிடித்த அதே லூமியேர் குடும்பத்தாருடையது! முதலாளி தன்னிடம் கூலி பெறும் தொழிலாளரைத் தன் கருவியால் தானே படம் பிடித்தான். வாயிலைக் கடந்தபின் அவர்கள் எங்கே சென்றார்கள், எதை உண்டார்கள், எத்தனை பேர் ஓர் அறையில் உறங்கினார்கள் என்பதையெல்லாம் அந்தக் கருவி காட்டவில்லை. காட்ட வேண்டும் என்று கேட்பாரும் இல்லை. கருவியின் பின்னே நிற்பவன் யார், முன்னே நிறுத்தப்பட்டவன் யார்? இந்த இரு கேள்விகளையும் கையில் பிடித்துக்கொண்டுதான் நான் படக்கொட்டகைக்குள் நுழைவது வழக்கம்.

படம் பார்ப்பதில் தீராத வேட்கை கொண்டவன் நான். கொள்கைப் பற்றுள்ள தோழர்களிலேயே சிலர், "படமா? பொழுதைக் கொல்லும் வேலை!" என்று முகம் சுளிப்பதுண்டு. அவர்கள் பொருட்டே, பழையனவும் புதியனவுமாக நான் கண்ட படங்கள் சிலவற்றைப் பற்றி என் கருத்தை இங்கே எழுதுகிறேன். பொழுதைக் கொல்வதோடு நில்லாமல் ஆளையும் கொன்ற படம் ஒன்று உண்டு. அதிலிருந்தே தொடங்குவோம்.

'ஒரு நாட்டின் பிறப்பு' என்று பொருள்படும் 'தி பர்த் ஆஃப் எ நேஷன்' 1915ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்தது. எடுத்தவர் டி. டபிள்யூ. கிரிஃபித். அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்பகுதிப் படையிலே தளபதியாக இருந்தவரின் மகன். தாமஸ் டிக்சன் என்பார் 1905இல் எழுதிய 'தி கிளான்ஸ்மேன்' என்ற புதினத்தைத் தழுவிய கதை. ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஓடும் படம். முகத்தை அருகே கொணர்ந்து காட்டுவது, இரண்டு இடங்களில் நடக்கும் நிகழ்ச்சிகளை மாற்றி மாற்றிக் காட்டி நெஞ்சைப் படபடக்கச் செய்வது ஆகிய நுட்பங்கள் எல்லாம் இதிலே முதிர்ந்து விளங்கின. இன்றும் திரைக்கலை பயிலும் மாணவர்க்கு இப்படத்தைப் பாடமாக வைக்கிறார்கள். கலை என்ற அளவில் குறை சொல்ல இயலாது.

நஞ்சு பொற்கிண்ணத்தில் இருந்தது!

கதை என்ன? உள்நாட்டுப் போர் முடிந்து, 1865இல் அடிமை முறை ஒழிந்து, 1870இல் கறுப்பின ஆடவர்க்கு வாக்குரிமை சட்டப்படி உறுதியாயிற்று அன்றோ? அந்த விடுதலையையே கேடு என்கிறது படம். கறுப்பன் என்றால் காமுகன். கறுப்பன் சட்டமன்றத்தில் அமர்ந்தால் கூத்தடிப்பான். வெள்ளைப் பெண்ணைத் துரத்துவான், அவள் மானம் காக்கப் பாறையிலிருந்து குதித்து மாள்வாள். அந்தக் கறுப்பனாக நடித்தவன் யார்? முகத்திலே கரி பூசிய வெள்ளையன்! முக்கியமான கறுப்பினப் பாத்திரங்களையெல்லாம் கரி பூசிய வெள்ளையரே ஏற்றனர். தன்னைப் பற்றிய பொய்யைத் தானே நடிக்கும் வாய்ப்புக்கூட அந்த மக்களுக்கு அளிக்கப்படவில்லை. இறுதியிலே வெள்ளை அங்கி தரித்த கூ கிளக்ஸ் கிளான் குதிரை வீரர்கள் பாய்ந்து வந்து நாட்டைக் 'காக்கிறார்கள்'. எப்படிக் காக்கிறார்கள் தெரியுமா? தேர்தல் நாளன்று கறுப்பினத்தார் வீட்டு வாயிலில் துப்பாக்கியுடன் நிற்கிறார்கள். வாக்களிக்க வந்தவன் அஞ்சி உள்ளே திரும்பிப் போகிறான். இது வெற்றிக் காட்சி! கொட்டகையிலே கைதட்டல்!

1915 பிப்ரவரி 18ஆம் நாள் குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சனுக்கு வெள்ளை மாளிகையிலேயே இப்படம் காட்டப்பட்டது. கறுப்பின மக்கள் வாளாவிருக்கவில்லை. 1909இல் தோன்றிய அவர்களின் முன்னேற்றச் சங்கம் ஊர் ஊராகத் தடை கோரியது. பாஸ்டன் நகரில் இதழாசிரியர் வில்லியம் மன்றோ ட்ராட்டர் கொட்டகை வாயிலில் கிளர்ச்சி நடத்திச் சிறைப்பட்டார். சில ஊர்களில் தடை கிடைத்தது. பல ஊர்களில் படமே வென்றது. இரண்டு டாலர் கட்டணம் வைத்தும் கூட்டம் அலைமோதிற்று.

இனித்தான் வரலாறு நம்மைத் திடுக்கிடச் செய்கிறது. உண்மையான கிளான் கூட்டம் 1870களின் தொடக்கத்திலேயே அரசின் கடுஞ்சட்டத்தால் ஒடுங்கிப்போன ஒன்று. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அது செத்த பாம்பு. 1915 நவம்பரில், அட்லாண்டா நகருக்கு அருகேயுள்ள ஸ்டோன் மவுண்டன் என்ற குன்றின்மீது வில்லியம் சிம்மன்ஸ் என்ற முன்னாள் மதபோதகர் சிலரைக் கூட்டிச் சென்று, சிலுவை ஒன்றைக் கொளுத்தி, கிளானுக்கு மறுபிறப்பு அளித்தார். அடுத்த சில நாளில் அட்லாண்டாவில் படம் திரையிடப்பட்டது. செய்தித்தாளில் படத்தின் விளம்பரத்தோடு கிளானின் ஆள்சேர்ப்பு விளம்பரமும் வந்தது. எரியும் சிலுவை இருக்கிறதே, அது பழைய கிளானின் வழக்கமே அன்று. டிக்சனின் கற்பனை! புதினத்திலே பிறந்து, திரையிலே வளர்ந்து, திரையிலிருந்து இறங்கிக் குன்றின்மேல் ஏறி, பின்பு கறுப்பின மக்களின் வீட்டு முற்றங்களில் எரிந்தது. பொய் உடல் பெற்று நடமாடிய கதை இது. 1920களில் கிளான் பல இலட்சம் உறுப்பினரைக் கொண்ட பெருங்கூட்டமாயிற்று; 1925 ஆகஸ்ட்டில் தலைநகர் வாஷிங்டனின் அகன்ற வீதியிலே பல்லாயிரவர் வெள்ளை அங்கியுடன் பட்டப்பகலில் அணிவகுத்தனர்.

கண்டனம் எழுந்தபோது கிரிஃபித் வருந்தினாரா? இல்லை. மறு ஆண்டே 'இன்டாலரன்ஸ்' என்ற மாபெரும் படத்தை எடுத்தார். தலைப்பின் பொருள் 'சகிப்பின்மை'. தம் பொய்யை எதிர்த்தவர்களே சகிப்பில்லாதவர்களாம்! ஆதிக்கக்காரன் அடிபட்டவன் வேடம் புனைவது நமக்குப் பழகிய கூத்துத்தானே.

இதற்கு மறுமொழி 1920இல் வந்தது. ஆஸ்கர் மிஷோ. அடிமையாய்ப் பிறந்த தந்தைக்கு மகன். தெற்கு டகோட்டாவிலே காட்டைத் திருத்தி உழுதவர். தம் புதினங்களைத் தாமே விற்றவர். படக்கலையைத் தாமே கற்றவர். அவர் எடுத்த 'வித்தின் அவர் கேட்ஸ்' பேசாப் படம். பளபளப்பு இல்லாத, பணமுடை தெரியும் படம். கறுப்பினச் சிறார்க்குப் பள்ளி நடத்தப் பொருள் திரட்டும் ஆசிரியை ஒருத்தியின் கதை. கிரிஃபித் கையாண்ட அதே நுட்பத்தை எடுத்து அவர் முகத்துக்கே திருப்பிப் பிடித்தார் மிஷோ. ஒருபுறம் குற்றமற்ற கறுப்பினக் குடும்பத்தை வெறிக்கூட்டம் கட்டித் தூக்கிலிடுகிறது. அதே வேளை மறுபுறம் வெள்ளையன் ஒருவன் கறுப்பினப் பெண்ணைச் சூறையாட முனைகிறான். யார் காமுகன், யார் காட்டுமிராண்டி என்று இரண்டு காட்சிகளையும் மாற்றி மாற்றிக் காட்டிக் கேட்கிறார். முந்தைய ஆண்டுக் கோடையில்தான் சிகாகோவில் இனக் கலவரம் நடந்திருந்தது. அவ்வூர்த் தணிக்கைக் குழு முதலில் இசைவு மறுத்தது. பொய்க்கு மாளிகையில் காட்சி! மெய்க்குத் தணிக்கையில் கத்தரி!

பகுத்தறிவாளர் நெஞ்சில் பதிய வேண்டிய பாத்திரம் ஒன்று இப்படத்தில் உண்டு. நெட் என்ற கறுப்பின மதபோதகர். "அரசியல் வெள்ளையருக்கு, மேலுலகம் நமக்கு" என்ற போக்கில் தம் மக்களுக்குப் போதிக்கிறார். வெள்ளைத் துரைகள் சிரித்துக்கொண்டே அவரைப் பின்புறத்தில் உதைக்கிறார்கள், அவரும் சிரிக்கிறார். கதவு சாத்தியபின் தனிமையிலே அவர் முகத்தில் அந்தச் சிரிப்பு கரைந்து, தம் இனத்தை விற்ற வேதனை தெரிகிறதே, அந்த ஒரு நொடிக்காக மிஷோவின் மற்றக் குறைகளையெல்லாம் மன்னிக்கலாம். இப்படம் நெடுங்காலம் காணாமற்போய், 1970களில் ஸ்பெயின் நாட்டிலே ஒரே ஒரு படி கிடைத்தது. கிரிஃபித் படத்தின் படிகளோ எங்கும் பத்திரமாக இருந்தன!

1925ஆம் ஆண்டைப் பாருங்கள். கிளான் அணிவகுத்த அதே ஆண்டு. நம் நாட்டிலே பெரியாரின் 'குடி அரசு' மே 2ஆம் நாள் பிறந்ததும் அவ்வாண்டே. டிசம்பரில் மாஸ்கோவில் 'பேட்டில்ஷிப் பொட்டெம்கின்' வெளிவந்தது. எடுத்த ஐசன்ஸ்டைனுக்கு வயது 27! 1905இல் புழு நெளியும் இறைச்சியைத் தின்ன மறுத்த மாலுமிகள் கிளர்ந்தெழுந்த வரலாறு. ஒடெசா நகரப் படிக்கட்டிலே துப்பாக்கி ஏந்திய படை இறங்கி வருவதும், தாய் வீழ, குழந்தையின் தள்ளுவண்டி படிப்படியாய் உருண்டோடுவதும் உலகறிந்த காட்சி. அதைப் பற்றி எழுதாதவர் இல்லை; நான் எழுத என்ன இருக்கிறது? என்னை ஈர்த்தது வேறு. கப்பலில் மாலுமிகளைச் சுட ஆணை பிறக்கும்போது, விரிசடையும் நீள்தாடியுமாக ஒரு பாதிரியார் தோன்றுகிறார். கையிலே சிலுவை. அதை உள்ளங்கையில் மெல்லத் தட்டுகிறார், கோடரியைத் தட்டிப் பார்ப்பவன் போல. அருகே அதிகாரியின் கை வாளின் பிடியைத் தட்டுகிறது. பின்பு கலகத்தில் அந்தச் சிலுவை தவறி விழுந்து கப்பல் தளத்திலே கத்தி போலக் குத்தி நிற்கிறது! ஒரு சொல் இல்லை. ஓராயிரம் மேடைகளில் சொல்ல வேண்டியது அதிலே இருக்கிறது. பிரிட்டன் இப்படத்தைப் பொதுமக்கள் கண்ணில் படாமல் 1954 வரை தடுத்து வைத்திருந்தது. படிக்கட்டுக் காட்சி வரலாற்றில் அப்படியே நடந்ததன்று, பல இடத்துப் படுகொலைகளை ஐசன்ஸ்டைன் ஓரிடத்தில் திரட்டிக் காட்டினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஏன் சொல்கிறேன் என்பது பின்னர் விளங்கும்.

1928இல் டென்மார்க் நாட்டு டிரேயர் எடுத்த 'ஜோன் ஆஃப் ஆர்க்' படத்தை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம்: முகங்கள், முகங்கள், முகங்கள். கண்ணீர் வழியும் ஒரு பெண்ணின் முகம். அவளை வளைத்துக்கொண்டு வினாத் தொடுக்கும் மதகுருமாரின் மருவும் சுருக்கமும் நிறைந்த முகங்கள். 1431இல் மதத்தின் பேரால் உயிரோடு எரிக்கப்பட்ட அவளை 1920இல் அதே திருச்சபை புனிதவதி என்று அறிவித்தது. எரிப்பதற்கும் வணங்குவதற்கும் இடையே ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டு! நந்தனை நெருப்பில் இறக்கியபின் நாயனார் ஆக்கிய நாட்டில் பிறந்த நமக்கு இதிலே புதுமை தோன்றாது. முதற்படி தீயில் அழிந்து, முழுப்படமும் தொலைந்தது என்றே கருதியிருக்க, 1981இல் நார்வே நாட்டு மனநல மருத்துவமனை ஒன்றின் அலமாரியில் அது கிடைத்தது.

சாப்ளினைப் பற்றி எழுதாமல் திரைப்படம் பற்றி எழுதுவதா? 'மாடர்ன் டைம்ஸ்', 1936. தொழிலாளி உணவு உண்ணும் நேரத்தையும் மிச்சப்படுத்த, அவனுக்கு ஊட்டிவிட ஓர் இயந்திரம்! அது பழுதாகி, திருகுமரையை வாயில் திணித்து, முகத்தில் அறைகிறது. நாம் சிரிக்கிறோம். சிரித்து முடித்தபின் ஏன் சிரித்தோம் என்று வெட்கம் வருகிறது. 'தி கிரேட் டிக்டேட்டர்' 1940இல் வந்தது. அமெரிக்கா போரில் இறங்குமுன். சொந்தப் பணத்தைப் போட்டு எடுத்தார். அவரும் இட்லரும் 1889 ஏப்ரலில் நான்கு நாள் இடைவெளியில் பிறந்தவர்கள், ஒரே மீசை! உலக உருண்டையை ஊதற்பந்தாக்கி அந்தக் கொடுங்கோலன் ஆடும் ஆட்டம் உள்ளவரை எந்த எதேச்சாதிகாரியும் முழு மதிப்போடு உலவ முடியாது. இறுதியில் நாவிதன் உலக மக்களை நோக்கி நெடுநேரம் பேசுகிறானே, அது படத்தின் கட்டுக்கோப்பைக் குலைக்கிறது என்று திறனாய்வாளர் பலர் குறை கூறினர். நீதிமன்றக் காட்சியின் நெடிய உரையைக் கேட்டு வளர்ந்த தமிழனுக்கு அது குறையாகவே தோன்றாது! வதைமுகாம்களின் முழுக் கொடுமை அப்போதே தெரிந்திருந்தால் அந்த வெறியைக் கேலிப் பொருளாக்கியிருக்க முடியாது என்று 1964இல் தம் வாழ்க்கை வரலாற்றில் சாப்ளின் எழுதினார். 1952இல் அவர் இங்கிலாந்து செல்லக் கப்பலேறியதும், திரும்பி வர இசைவில்லை என்றது அமெரிக்க அரசு. 20 ஆண்டு கழித்து அமெரிக்கத் திரையுலகம் அவரை அழைத்துப் பரிசு கொடுத்தது.

1948இல் இத்தாலியின் டி சிக்கா எடுத்த 'பைசிக்கிள் தீவ்ஸ்' படத்தை ஏழையின் கண்ணீர்க் கதை என்று மட்டும் புகழ்வோர், அதிலே வரும் குறிசொல்லும் பெண்ணைக் கவனிப்பதில்லை. தொடக்கத்தில் மனைவி அவளிடம் போனதற்காக ஏசியவன்தான் கதைத் தலைவன். மிதிவண்டி பறிபோய், எல்லாக் கதவும் அடைபட்டபின் அவனே அவள் முன் போய் நிற்கிறான், காசை நீட்டிக்கொண்டு. "உடனே கிடைக்கும், இல்லையேல் கிடைக்காது" என்ற மாதிரி ஒரு குறி! மூடநம்பிக்கை எங்கே முளைக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் வேண்டுமா? வேலையில்லாதவன் வயிற்றிலே முளைக்கிறது. அவனை வைது பயனில்லை என்று அந்தப் படம் எனக்குக் கற்பித்தது.

இப்போது நம் தோழர்கள் மார்தட்டிக் கொள்ளும் படத்துக்கு வருவோம். 1960இல் ஸ்டான்லி கிரேமர் எடுத்த 'இன்ஹெரிட் தி விண்ட்'. டென்னசி மாநிலத்து டேட்டன் என்ற சிற்றூரில் 1925 ஜூலையில் நடந்த வழக்குத்தான் கரு. மனிதன் கீழுயிரிலிருந்து தோன்றியவன் என்று அரசுப் பள்ளியில் கற்பிப்பது குற்றம் என்றது அம்மாநிலச் சட்டம். அதை மீறியதாக ஜான் ஸ்கோப்ஸ் என்ற இளம் ஆசிரியர் கூண்டில் நின்றார். அவர் பக்கம் கிளாரன்ஸ் டாரோ. எதிர்ப்பக்கம் குடியரசுத் தலைவர் பதவிக்கு மும்முறை போட்டியிட்ட வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன். வெயில் தாங்காமல் நீதிமன்றம் புல்வெளிக்கு மாறியது. அங்கே டாரோ, வேதம் அறிந்தவர் என்ற முறையில் பிரையனையே சாட்சியாக அழைத்துக் கேள்விமேல் கேள்வி தொடுத்தார். திரையிலே ஸ்பென்சர் டிரேசியும் ஃபிரெட்ரிக் மார்ச்சும் அந்தக் காட்சியை நடித்திருக்கும் விதத்தைக் கண்டால் உடம்பு சிலிர்க்கும். எத்தனை முறை பார்த்தேன் என்று எனக்கே கணக்கில்லை.

எனினும், கிரிஃபித்தை நிறுத்திய கூண்டில் கிரேமரையும் நிறுத்த வேண்டாமா? நம் பக்கத்துப் படம் என்பதற்காகக் கேள்வியை விட்டுவிடலாமா?

படத்தில் ஆசிரியர் சிறையில் வாடுகிறார். ஊரே அவர் உயிருக்கு உலை வைக்கத் துடிக்கிறது. நடந்தது என்ன? சட்டத்தைச் சோதிக்க விரும்பிய குடியுரிமைச் சங்கம் ஓர் ஆசிரியர் முன்வர வேண்டும் என்று விளம்பரம் செய்தது. வழக்கு நடந்தால் ஊருக்குப் பெயர் வரும், வாணிகம் பெருகும் என்று எண்ணிய டேட்டன் நகரப் பெருமக்கள் ஸ்கோப்ஸை அழைத்துப் பேசி இசைய வைத்தனர். அவர் சிறையில் கிடக்கவில்லை. தண்டனை 100 டாலர் அபராதம். அதுவும் 1927இல், தொகையை விதித்தவர் நடுவர் குழுவன்று, நீதிபதி என்ற நுணுக்கத்தால் தள்ளுபடியாயிற்று. படத்தில் பிரையனின் சாயலான பாத்திரம் வெறும் கோமாளியாகக் குறுகிப் போகிறது. உண்மைப் பிரையன் உழவர் உரிமைக்கும் பெண்கள் வாக்குரிமைக்கும் குரல் கொடுத்தவர். வலியவன் மெலியவனை நசுக்குவதே இயற்கை என்று சிலர் டார்வினைத் திரித்துப் பேசியதைக் கண்டு அஞ்சியவர். அந்த அச்சம் முற்றிலும் வெறுங்கற்பனையும் அன்று. ஸ்கோப்ஸ் கையாண்ட ஹண்டர் எழுதிய உயிரியல் பாடநூல், மனித இனங்களைத் தரம் பிரித்து வெள்ளையரை உச்சியில் வைத்தது. 'தரம் குறைந்தவர்' மக்களைப் பெறாமல் தடுக்க வேண்டும் என்றும் பேசியது! அறிவியலின் அங்கியிலே இனவெறி. படம் இதைப் பற்றி ஒரு சொல்லும் உரைக்கவில்லை.

ஆகவே கிரேமரும் கிரிஃபித்தும் ஒன்றா? அல்லவே அல்ல. கிரேமர் படம் பாத்திரங்களின் பெயரையும் ஊரின் பெயரையும் மாற்றிவிட்டது. இது நாடகம் என்று ஒப்புக்கொள்கிறது. அதற்கு மூலமான 1955ஆம் ஆண்டு நாடகமும் மெக்கார்த்தி காலத்துச் சிந்தனை ஒடுக்குமுறையைச் சாடவே அந்தப் பழைய வழக்கைக் கருவியாக்கியது. ஒருவனையும் அது மரத்தில் தொங்கவிடவில்லை. கிரிஃபித்தோ தம் படத்தை வரலாறு என்று விற்றார். ஐசன்ஸ்டைன் நடந்த கொலைகளைத் திரட்டினார். கிரிஃபித் நடவாத குற்றத்தைப் படைத்து நடக்கப்போகும் கொலைகளுக்கு நியாயம் கற்பித்தார். இந்த வேற்றுமை பெரிது. ஆயினும் அந்த வழக்கை எவரேனும் மேடையில் எடுத்துக்காட்டும்போது, படத்தைப் பார்த்துவிட்டு வரலாறு படித்துவிட்டதாகக் கருதினால், எதிரி எழுந்து பாடநூலின் பக்கத்தைப் புரட்டிக் காட்டும்போது திகைத்து நிற்க நேரும். அச்சட்டம் 1967இல்தான் நீக்கப்பட்டது என்ற உண்மை போதுமே. 42 ஆண்டு ஒரு நாகரிக நாட்டில் அது ஏட்டிலே இருந்தது! அதைவிடக் கூர்மையான வசனத்தை எந்தக் கதாசிரியன் எழுதிவிட முடியும்?

2009இல் வந்த 'அகோரா' படத்துக்கும் இதே கருத்துத்தான். அலெக்சாந்திரியாவின் அறிவுச் சுடர் ஹைப்பேஷியா 415இல் மதவெறிக் கூட்டத்தால் கொல்லப்பட்டது உண்மை. கோள்கள் நீள்வட்டத்தில் சுழலும் என்று அவள் கண்டுபிடித்ததாகக் காட்டுவது கற்பனை. அதைக் கண்டவர் கெப்ளர், ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் கழித்து. கொலையுண்டவளுக்குப் பொய்ப் பெருமை தேவையில்லை. அவள் கணிதம் கற்பித்தாள், போதாதா?

இந்தியப் படங்களில், பகுத்தறிவு நோக்கில் எனக்கு முதலிடம் சத்யஜித் ராயின் 'தேவி'க்கே. 1960. பத்தொன்பதாம் நூற்றாண்டு வங்கத்து ஜமீன்தார் ஒருவர், தம் மருமகள் காளியின் அவதாரம் என்று கனவு காண்கிறார். மறுநாள் பதினேழு வயதுப் பெண்ணைப் பீடத்தில் அமர்த்திவிடுகிறார்கள். நோயுற்ற பிள்ளை ஒன்று பிழைக்கிறது, கூட்டம் பெருகுகிறது. கல்கத்தாவில் ஆங்கிலம் படித்த கணவன் ஓடி வருகிறான். இரவிலே ஆற்றங்கரைக்கு அவளை அழைத்துச் செல்கிறான், தப்பிவிட. அங்கே அவள் தயங்குகிறாள். ஒருவேளை தான் தேவியேதானோ என்று! நான் கண்ட திகில் படங்கள் எவற்றிலும் அந்த ஒரு தயக்கத்துக்கு ஈடான அச்சம் இல்லை. பிறர் நம்பிக்கை ஒருத்தியின் மூளைக்குள் புகுந்து குடியேறிவிட்டது. பின்பு வீட்டுப் பிள்ளையே மருத்துவம் இன்றி அவள் மடியில் சாகிறது. படித்த கணவனின் கோழைத்தனத்தையும் ராய் மறைக்கவில்லை.

பிரேம்சந்த் கதையை 1981இல் அவர் 'சத்கதி' என்று எடுத்தார். ஒரு மணி நேரங்கூட ஓடாத படம். மகள் திருமணத்துக்கு நாள் குறித்துத் தருமாறு வேண்டிப் போன தோல்தொழிலாளி ஒருவனை, பட்டினி வயிற்றோடு விறகு பிளக்கச் சொல்கிறார் பார்ப்பனர். பிளந்து பிளந்து செத்து வீழ்கிறான். பிணத்தைத் தொடக்கூடாதே! காலிலே கயிற்றுச் சுருக்கு மாட்டி, தொடாமல் இழுத்துச் சென்று செத்த மாடுகள் கிடக்குமிடத்தில் போட்டுவிட்டு வந்து, அவன் கிடந்த இடத்தில் நீர் தெளிக்கிறார். ஓம் பூரியின் வியர்வை வழியும் உடலும் அந்தக் கோடரி ஓசையும் படம் முடிந்தபின்னும் காதை விட்டு நீங்கா. 1989இல் இப்சன் நாடகத்தைத் தழுவி ராய் எடுத்த 'கணசத்ரு', கோயில் தீர்த்தத்தில் நோய்க்கிருமி இருப்பதைச் சொன்ன மருத்துவர் மக்கள் பகைவர் ஆக்கப்படும் கதை. கருத்து சிறந்தது, படம் மேடை நாடகம் போல இறுகிக் கிடக்கிறது. கருத்துக்காக மட்டும் ஒரு படத்தைத் தூக்கிப் பிடிக்க எனக்கு மனம் வருவதில்லை.

நம் வீட்டுப் படங்களையும் பேசத்தான் வேண்டும். அண்ணாவின் 'வேலைக்காரி' 1949. கலைஞர் வசனம் தீட்டிய 'பராசக்தி' 1952. காளியின் முன் நின்று கணக்குக் கேட்ட கே. ஆர். இராமசாமியும், பூசாரியை மறித்து நின்ற சிவாஜி கணேசனும் தமிழ்த் திரையிலே அதுவரை எவரும் கேளாத கேள்வியைக் கேட்டனர். 'பராசக்தி'யைத் தடை செய் என்று கூக்குரல் கிளம்பியதே அதன் வலிமைக்குச் சான்று. ஆனால் இன்று மீண்டும் பார்க்கையில், அடுக்கடுக்காய்த் துன்புறும் அந்தக் கைம்பெண் கல்யாணிக்கு இன்னும் கொஞ்சம் முழங்க இடம் தந்திருக்கலாமே, அண்ணனுக்கே பெரும்பங்கும் போய்விட்டதே என்று தோன்றுகிறது. பெண்ணுரிமை பேசிய இயக்கத்தின் படத்தில் இதைச் சுட்டுவது பிழையாகாது என நம்புகிறேன்.

1966இல் வந்த 'பேட்டில் ஆஃப் அல்ஜியர்ஸ்' பற்றி ஒன்றே ஒன்று. அடக்குமுறையைத் தோலுரித்த அப்படத்தை 2003இல் அமெரிக்கப் படைத்துறைத் தலைமையகமே தன் அதிகாரிகளுக்குத் திரையிட்டது. ஈராக்கை அடக்கும் வழி தேடியாம்!

புதிய படங்களில் மூன்றைச் சொல்லி முடிக்கிறேன். 2013இல் ஸ்டீவ் மெக்வீன் எடுத்த '12 இயர்ஸ் எ ஸ்லேவ்'. 1841இல் கடத்தப்பட்டு 12 ஆண்டு அடிமையாய் உழன்ற சாலமன் நார்த்தப்பின் தன்வரலாறு. அவரைக் கழுத்தில் கயிறிட்டு, கால்விரல் நுனி மட்டும் சேற்றில் பட, மரத்தில் தொங்கவிடுகிறார்கள். கருவி அசையவில்லை. பின்னால் மற்ற அடிமைகள் தத்தம் வேலையைச் செய்கிறார்கள், பிள்ளைகள் விளையாடுகிறார்கள். கொடுமை அன்றாடமாகிவிட்டால் எப்படி இருக்கும் என்பது தெரிகிறது. சவுக்கைத் தூக்குமுன் வேதத்தைப் புரட்டி அதிலே அடிக்குச் சான்று படிக்கும் எஜமானனும் உண்டு.

2018இல் ஸ்பைக் லீ எடுத்த 'பிளாக்கிளான்ஸ்மேன்'. அதிலே கிளான் கூட்டத்தார் உட்கார்ந்து ஒரு படம் பார்த்து ஆரவாரம் செய்கிறார்கள். எந்தப் படம்? கிரிஃபித்தின் அதே படம்! அதே வேளை மற்றோர் அறையில், முதிய ஹாரி பெலஃபான்ட்டே மாணவர்களிடம், 1916இல் டெக்சாசின் வேகோ நகரில் ஜெஸ்ஸி வாஷிங்டன் என்ற பதினேழு வயதுக் கறுப்பினப் பிள்ளையை ஊரே கூடி எரித்ததைச் சொல்கிறார். அந்தக் காட்சியை ஒளிப்படமாக்கி அஞ்சலட்டையாக விற்றதைச் சொல்கிறார். இங்கே ஆரவாரம், அங்கே மௌனம்; மாற்றி மாற்றி. கிரிஃபித்தின் நுட்பம் கிரிஃபித்துக்கே கூண்டாகிறது. மிஷோ 1920இல் தொடங்கியதை நூறாண்டுக்குப்பின் இன்னொருவர் தொடர வேண்டியிருந்தது.

மூன்றாவது, அதே 2018இல் நம் மாரி செல்வராஜ் எடுத்த 'பரியேறும் பெருமாள்'. திருநெல்வேலிச் சட்டக் கல்லூரியில் சேர்ந்த ஒடுக்கப்பட்ட இளைஞன். வழக்கறிஞராக வேண்டும் என்பதே அவன் ஆசை. அவனை அடிக்கிறார்கள், இழிவுசெய்கிறார்கள், தண்டவாளத்தில் கிடத்துகிறார்கள். அவன் ஒருவனையும் வெட்டவில்லை, கேட்கிறான். பெண்ணின் தந்தையோடு அமர்ந்து பேசுகிறான். இறுதியாகத் திரையில் தெரிவது ஒரு மேசை. தேநீர்க் கடையிலே தனிக் குவளை வைத்திருந்த நாட்டில், அருகருகே இரண்டு குவளைகள்; நடுவில் ஒரு மல்லிகைப் பூ.